ரசமட்டம் கட்டிய மேடு

அந்தக் கொத்தனாரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் பார்த்தால் "மேஸ்திரி". முதுகுக்குப் பின்னால் "ரசமட்டம்". தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் ஓடும், அதுதான் ரசமட்டம். மற்ற கொத்தனார்கள் வேலை முடிந்ததும் அதைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். இந்த மனிதருக்கு அது கண்ணுக்குள்ளேயே இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால் டம்ளரை மேசையில் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். "பொண்ணு பார்க்க எங்க வீட்டுக்கு வந்தப்ப குனிஞ்ச தலை நிமிரல. ஆளு ரொம்ப கூச்ச சுபாவம் போலன்னு நெனச்சு ஏமாந்துட்டேன். மனுஷன் எங்க வீட்டுத் தரையைப் பார்த்துட்டு இருந்திருக்காரு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அவர் உயிரை விடுவது வாட்டத்துக்கு. தண்ணீர் தேங்காமல் வடிந்து ஓடுவதற்காகத் தரையில் வைக்கும் சரிவுக்குத்தான் வாட்டம் என்று பெயர். குளியலறை போட்டு முடித்தால், ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கைகட்டி நிற்பார். மூலையில் ஒரு கை தண்ணீர் தங்கினாலும் போதும், வீட்டுக்காரர் வேண்டாம் என்று கெஞ்சினாலும் கேட்கமாட்டார், மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். இப்படிப்பட்ட ஆள் பணக்காரர் ஆவாரா? ஆகவில்லை. ஆனால் அவர் போட்ட தரையில் யாரும் வழுக்கி விழுந்ததாகப் பேச்சு இல்லை.

அவர் குடியிருந்த தெரு முன்பெல்லாம் தெருவாகத்தான் இருந்தது. பெரிய ரோட்டில் சிக்னல் வைத்த நாளிலிருந்து குறுக்குவழியாகிவிட்டது. சிவப்பு விளக்கில் நிற்கப் பொறுமை இல்லாத ஒவ்வொருவனும் ஒடித்துக்கொண்டு இதற்குள் நுழைந்தான். தெருக்கோடியில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் போகிற அந்த அரைமணி நேரத்தில்தான் உலகத்தில் எல்லோருக்கும் வேலைக்கு நேரமாகிறது! நடைபாதை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதில் மளிகைக்கடைக்காரரின் மூட்டைகளும் எண்ணெய் டின்களும், இரண்டு பேருடைய காரும், எவனோ இறக்கிவிட்டு மறந்துபோன ஒரு குவியல் மணலும் சௌகரியமாகக் குடித்தனம் நடத்தின. பிள்ளைகள் ரோட்டில் நடந்தார்கள். கடைக்காரர்தான் தெருவுக்குப் பெரிய மனிதர்; அவர் மூட்டையைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மேஸ்திரி வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா. புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரே பையன். ஒரு இடத்தில் நில்லாத பிள்ளை, அதனால் தெரு முழுக்க அவனுக்கு வாலு என்று பெயர். ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு டாட்டா சொல்லிவிட்டு இறங்கினான். அவள் ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். அவன் மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். ஒரு சரக்கு வேன் வந்தது. பிரேக் சத்தம்கூடத் தனக்குக் கேட்கவில்லை என்று அவள் பிறகு சொல்லிச் சொல்லி அழுதாள். போட்டிருந்தால்தானே கேட்பதற்கு.

தெருவே திரண்டு நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போனது. மேஸ்திரியும் போனார். பொறியாளர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பரிதாபமும் பட்டார். வேகத்தடை போடலாம், ஆனால் மேலிடத்து அனுமதி வர வேண்டும் என்றார்.

"அதுவரைக்கும் நீங்களா எதையும் கட்டிடாதீங்க. உயரம் கம்மியா, அகலம் ஜாஸ்தியா இருக்கணும். ரெண்டு ஓரத்துலயும் தண்ணி போக வழி விடணும். வெள்ளை அடிக்கணும், முன்னாடியே போர்டு வைக்கணும். ஏனோதானோன்னு கட்டினா அதுவே ஆபத்துங்க."

மேஸ்திரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஒரு பிள்ளையப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறோம். நீங்க அகலம் நீளம் பேசுறீங்களா?" என்று எழுந்துவிட்டார். அந்தப் பொறியாளர் அனுமதி விஷயத்தில் ஆமையாக இருந்தார் என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. வேறு யாராவது வேறு ஒரு நாளில் சொல்லியிருந்தால், "அப்படிச் சொல்லுங்க" என்று மேஸ்திரியே தலையாட்டியிருப்பார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவின் இரண்டு முனையிலும் பெஞ்சைக் குறுக்கே போட்டு வழியை மறித்தார்கள். கடைக்காரர் சிமெண்ட் கொடுத்தார். ஜல்லி எங்கிருந்தோ வந்தது. வாலு விழுந்த இடத்தில், ரோட்டுக்குக் குறுக்கே, மேஸ்திரி நூல் பிடித்தார்.

"எவ்வளவு உயரம் மேஸ்திரி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எந்தக் கொம்பனா இருந்தாலும் இங்க மண்டி போட்டுட்டுத்தான் போகணும்."

அப்படியே கட்டினார். வீட்டுவாசல் படி போல, ஏற்றமும் இறக்கமும் செங்குத்தாக. ஓரத்தில் இடம் விட்டால் பைக்காரன் அந்தச் சந்தில் புகுந்து பறப்பான் என்று, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு விரல் இடைவெளி இல்லாமல் இழுத்து அடைத்தார். மனைவி தேநீர் கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, "சைக்கிள்ல வர்ற பிள்ளைங்க இதுல எப்படிங்க ஏறும்?" என்றாள்.

"இறங்கித் தள்ளிட்டுப் போகட்டும். ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவர் பையிலிருந்து ரசமட்டக் கட்டையை எடுக்கவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரும் கொட்டிப் பார்க்கவில்லை.

மேடு வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாளே ஒரு கார் வந்து அடிவயிறு உரசி, உள்ளே இருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தான். தெருவே வாசலில் நின்று சிரித்தது. நாலு நாளில் எல்லா வண்டியும் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, முக்கி முனகி ஏறி இறங்கிப் போயின. பாதிப் பேர் சிக்னலே மேல் என்று பெரிய ரோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு பைக்காரன் குப்புற விழுந்து முழங்கை தோல் உரிந்தபோது, "வேகமா வந்தான்ல, நல்லா வேணும்" என்றார்கள். மேஸ்திரியும்தான் சொன்னார். கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கவர்மெண்ட்டு செய்யாததை எங்க மேஸ்திரி ஒரே நாள்ல செஞ்சாரு" என்று பீற்றிக்கொண்டார். அவருடைய மூட்டைகள் மட்டும் நடைபாதையிலிருந்து அசையவில்லை.

தையல்காரம்மா ஒரு நாள் சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தாள். வாலு போனபிறகு அவள் யார் வீட்டுப் படியும் ஏறாதவள்.

"அண்ணே, நான் மெஷின்ல உட்கார்ந்திருப்பேன். வண்டி வரும். பிரேக் போடும். அப்புறம் டொம்முனு ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டாத்தான் எனக்கு மூச்சே வருது. ராத்திரி பகல்னு இல்ல, அதையே கேட்டுட்டு இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்."

அவர் வாழ்க்கையில் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறார். யாரும் அவரை இப்படி வாழ்த்தியதில்லை. அவள் போனபிறகு வாசலுக்கு வந்து தன் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது.

அந்தத் தெருவுக்கு இயற்கையாகவே ஒரு சரிவு உண்டு. பெரிய ரோட்டுப் பக்கமிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் தண்ணீர் ஓடும். முதல் பெருமழை விடியற்காலையில் அடித்து, பள்ளிக்கூட நேரத்துக்கு ஓய்ந்தது. ஓடிவந்த தண்ணீர் சுவருக்குச் சுவர் கட்டிய மேட்டில் முட்டி நின்றது. போக வழி? அதுதான் ஒரு விரல்கூட விடவில்லையே. செம்மண் நிறத்தில் ஏரி மாதிரி தேங்கி, மேட்டின் முதுகும் தண்ணீரும் ஒரே மட்டமாகக் கிடந்தன. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே ஒரு மேடு இருப்பதே தெரியவில்லை.

பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஒரு ஓட்டல் சமையல்காரருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் மேஸ்திரியின் மகளோடு எட்டாவது படிக்கிறாள். சின்னவள் ஒன்றாவது. தினமும் அக்கா மிதிக்க, தங்கை பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவாள். வழக்கமாக மேட்டுக்கு முன்னால் இருவரும் இறங்கித் தள்ளுவார்கள். அன்றைக்கு எங்கே இறங்குவது என்று தெரியவில்லை. தண்ணீரில் ஷூ நனையாமல் போய்விட வேண்டும் என்று அக்கா வேகமாக மிதித்தாள். முன்சக்கரம் மேட்டில் இடித்தது. தங்கை அக்காவின் தலைக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் விழுந்தாள். அந்த நேரத்தில் தெருவில் வண்டி எதுவும் வரவில்லை. கார் இல்லை, வேன் இல்லை. மேடு மட்டும்தான் இருந்தது.

மேஸ்திரி வேறு ஒரு தெருவில் சுவர் பூசிக்கொண்டிருந்தார். மனைவி போன் செய்தாள். "எங்க இருக்கீங்க? நம்ம மேட்டுல ஒரு பிள்ளை விழுந்துடுச்சுங்க." நம்ம மேடு என்றுதான் சொன்னாள். கையில் கலவையோடு ஓடிவந்தார். அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது. தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு கை தண்ணீர் தேங்கினால் தரையையே பெயர்க்கிற மனிதர், தெருவையே குளமாக்கி வைத்திருந்தார். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வராந்தாவில் ஒரு கட்டிலில் சின்னவள் கிடந்தாள். தலை முழுக்கக் கட்டு. வலது கையும் வலது காலும் அவள் சொல்வதைக் கேட்கவில்லை என்றார்கள். பக்கத்தில் அப்பா. கையில் இன்னும் வெங்காய வாசனை போகவில்லை.

"நீங்க யாருங்க?"

"அந்தத் தெருதாங்க. கேள்விப்பட்டேன்..."

"பார்த்தீங்களா சார் என் பொண்ண? பிள்ளைங்க போற வழியில எவனோ ஒரு படுபாவி சுவர் எழுப்பி வச்சிருக்கான். அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்காதா? அந்தக் கை விளங்குமா? விளங்காது சார். விளங்கவே விளங்காது."

மேஸ்திரி வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். அதற்குள் நர்ஸ் வந்து மருந்து வாங்கிவரச் சொன்னாள். சமையல்காரர், "சார், ஒரு நிமிஷம் பாப்பாவப் பார்த்துக்கங்க. கையை அசைச்சா ட்யூப் கழண்டுடும். பிடிச்சுக்கங்க" என்று ஓடினார். மேஸ்திரி அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அது அசையாத கை. அசைகிற கையை அல்லவா பிடிக்கச் சொன்னார் என்று புரிந்து, கட்டிலைச் சுற்றிவந்து மாற்றிப் பிடித்தார். அப்பா திரும்பி வந்ததும், ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். கோழைத்தனம்தான். அவருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையும் சம்மட்டியுமாகத் தெருவில் இறங்கினார். முதல் அடி விழுந்ததும் கடைக்காரர் ஓடிவந்தார்.

"என்ன மேஸ்திரி பண்றீங்க? பைத்தியமா? இதை எடுத்தா மறுபடி வண்டி பறக்கும்!"

"தாழ்வா, அகலமா வேற போடுறேன். இது இருக்கக் கூடாது."

"ஏதோ ஒரு பிள்ளை கவனிக்காம வந்து விழுந்ததுக்கு..."

அவர் முடிப்பதற்குள் தையல்காரம்மா வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உடைக்கணும்னா என்மேல அடிங்க."

"தங்கச்சி, எந்திரிம்மா. தப்பாக் கட்டிட்டேன். தண்ணி தேங்குது. ஏத்தம் செங்குத்தா இருக்கு."

"எனக்கு உங்க தண்ணி கிண்ணியெல்லாம் தெரியாதுண்ணே. என் பிள்ளை போனப்ப இது இல்ல. இது வந்தப்புறம் எந்த வண்டியும் எந்தப் பிள்ளையையும் அடிக்கல."

"வண்டி அடிக்கலம்மா. இது அடிச்சிடுச்சே. ஒன்னாவது படிக்கிற பிள்ளை. கையும் காலும் விளங்காமக் கிடக்குது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உயிரோட இருக்குல்ல?" என்றாள்.

பெற்றவள் கேட்ட கேள்வி. கடைக்காரர், "அதானே..." என்று இழுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பேசாதீங்க. உங்க மூட்டையச் சுத்திட்டுத்தான் என் பிள்ளை ரோட்டுல இறங்கினான். சிமெண்ட் கொடுத்தீங்களே, மூட்டையை நகர்த்தினீங்களா?"

கடைக்காரர் முகம் செத்துப்போனது. மேஸ்திரி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உன் பிள்ளைக்காகக் கட்டினேன்னு நெனச்சிட்டு இருந்தேம்மா. இல்ல. கோபத்துக்குக் கட்டினேன். பிள்ளைக்காகக் கட்டியிருந்தா பிள்ளைங்க எப்படி ஏறும்னு யோசிச்சிருப்பேன்."

"கோபமாவது இருந்துச்சேண்ணே உங்களுக்கு" என்று அவள் அழ ஆரம்பித்தாள். "அந்த ஆபீஸ்காரனுக்கு அதுகூட இல்லையே."

அப்போதுதான் அந்த அக்கா வந்தாள். கைப்பிடியில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் தொங்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பினாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி. மழை இல்லை, தண்ணீர் வற்றி மேடு நன்றாகவே தெரிந்தது. கூட்டத்தையும் மேட்டையும் பார்த்தவள் அப்படியே நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். மறுபடி நின்றாள். கைப்பிடி ஆடியது, பாத்திரம் சைக்கிளில் மோதிக் கலகலத்தது. மேஸ்திரியின் மகள் வாசலிலிருந்து, "ஏய், வாடி, நான் பிடிச்சுக்கறேன்" என்று கூப்பிட்டாள். அவள் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனாள். அங்கே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் அந்தப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைத் தெருவே எட்டிப் பார்த்தது.

தையல்காரம்மாவும் பார்த்தாள். ஒரு லாரி அந்தப் பெண்ணை உரசுவதுபோல் போனபோது, "ஐயோ, பார்த்துடி!" என்று கத்தினாள். அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்காது. பிள்ளை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"உடைங்க" என்றாள். "ஆனா இன்னைக்கே வேறயும் கட்டிடுங்க."

அன்றைக்கே உடைத்தார், அன்றைக்கே கட்டினார். இந்தத் தடவை ரசமட்டம் இருந்தது, வாட்டம் இருந்தது. தாழ்வாக, அகலமாக, இரண்டு ஓரத்திலும் தண்ணீர் போக வழிவிட்டு. கடைக்காரர் மூட்டைகளைத் தானே தூக்கி உள்ளே போட்டுவிட்டு வந்து, ஓரத்து வழியில் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் நிற்காமல் ஓடியது. ஆனால் ஈரக் கலவை இறுகி ஆற வேண்டுமே? அதனால் முதலில் பாதித் தெருவுக்கு மட்டும் கட்டி, அதைக் கல் வைத்து மறித்திருந்தார்; மீதிப் பாதி வழியாகத்தான் வண்டிகள் போக வேண்டியிருந்தது. அந்தப் பாதியில் தடுப்பு ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் பிள்ளைகள் போகிற நேரத்தில் தையல்காரம்மா அந்த வழியின் நடுவில் போய் நின்றாள். ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். "சாகணும்னா வேற வண்டியப் பாரு!" என்று ஒருவன் கத்தினான். அவள் நகரவில்லை. வண்டிகள் நின்று நின்று போயின. மறுபாதியும் கட்டி, மேடு இறுகி, வெள்ளையும் அடித்து முடித்த பிறகும் அவள் போய் நிற்பதை நிறுத்தவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போனார்கள், அந்த அக்காவைத் தவிர. "அவ பெரிய ரோட்டுலதான்பா வர்றா. சொன்னாக் கேக்க மாட்டேங்கறா" என்றாள் மகள்.

மேஸ்திரி ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனார். சமையல்காரர் வேலைக்குப் போயிருந்தார். சின்னவள் வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, அந்த மேட்டைக் கட்டினது நான்தான்" என்றார். "உங்க அப்பாகிட்டயும் சொல்லிடறேன்."

"தெரியும் அங்கிள். உங்க பொண்ணு சொன்னா."

"அதை உடைச்சுட்டேம்மா. இப்ப ஒண்ணும் ஆகாது. நானே கூட நின்னு உன்னை அனுப்பி வைக்கிறேன். பெரிய ரோட்டுல போகாதேம்மா. அங்க எல்லாம் லாரி."

அவள் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"பரவால்ல அங்கிள்" என்றாள். "லாரி வர்றது கண்ணுக்குத் தெரியும்ல."